பனியன், சட்டை, கோட்டு: மூன்றையும் போடு தம்பி!

போன வாரம் ஊர்க்காரத் தம்பி ஒருவன் போன் செய்தான். டெல்லியில் முதுகலை படிக்க இடம் கிடைத்துப் போன இராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளை. வேர்க்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற மண்ணில் வளர்ந்தவன்.

"அண்ணே, இங்க இப்பவே கை விறைக்குது. கோட்டு ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எதுக்கு மேல எதைப் போடணும்னே தெரியல. இதுல படிப்பு வட்டத்துல ஒரு சீனியர் தோழர், கோட்டெல்லாம் ஆடம்பரம், மக்களோட நிக்கிறவனுக்கு ஒரு சால்வை போதும்ங்கிறாரு. என்னண்ணே செய்ய?"

அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் இது அவன் ஒருவனுக்கான பதில் இல்லை என்று தோன்றியது. ஒவ்வோர் ஆண்டும் நம் சேரிகளில் இருந்தும் காலனிகளில் இருந்தும் பிள்ளைகள் டெல்லிக்கும் லண்டனுக்கும் பெர்லினுக்கும் படிக்கப் போகிறார்கள். குடும்பத்தில் குளிரைப் பார்த்த முதல் ஆள் அவர்கள்தான். என்ன உடுத்துவது என்று வீட்டில் கேட்க முடியாது. வெளியில் கேட்டால் இப்படி ஒரு சீனியர் தோழர் வந்து உபதேசம் செய்கிறார்.

எனவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டு வாங்கு. நல்லதாகப் பார்த்து வாங்கு. உடம்புக்குப் பொருந்தப் போடு. யார் முகம் சுளித்தாலும் கழற்றாதே. ஏன் என்று சொல்கிறேன்.

எட்டுத் தடைகள்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதியமைப்பு பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

பட்டியலில் மூன்றாவதாக வரும் தடையை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியம் அழிக்கப்பட்டது. ஆடு மாடுகள் கொள்ளை போயின. அத்தனைக்குப் பிறகும் மக்கள் அடங்கவில்லை என்பதால் 1931-இல் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. இராமநாதபுரத்து வெயிலில் கோட்டு எதற்கு? குளிருக்காக அங்கே யாரும் கோட்டு போட்டிருக்க முடியாது. ஆனால் யாரோ போட்டிருக்க வேண்டும். யாருமே போடாத ஒன்றை யாரும் மெனக்கெட்டுத் தடை செய்வதில்லை. எவனோ ஒருவன் நாலு காசு பார்த்துத் திரும்பி வந்தவன், ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்திருக்கிறான். அது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நான் அந்த முகம் தெரியாத மனிதனைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் முன்னோடி அவன்.

இன்றைக்கு ஆண்களுக்கான உடை வழிகாட்டி எதைப் புரட்டினாலும் குளிருக்கு மூன்று அடுக்கு என்றுதான் போட்டிருக்கும். உடம்பை ஒட்டி ஒன்று. அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கக் கோட்டு. நம் பாட்டன்மாருக்கு இந்த மூன்று அடுக்கையும் ஒரே வரியில் தடை செய்து வைத்திருந்தார்கள்.

என் தாத்தா அந்தத் தடைகள் வந்தபோது கைக்குழந்தை. வளர்ந்து ஆளான பிறகும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதை அவர் போட்டது ஊருக்கு வெளியில்தான். பரமக்குடிக்குச் சந்தைக்குப் போகும்போது சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடப்பார். பேருந்து நிற்கும் புளியமரத்தடிக்கு வந்ததும் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது அதே மரத்தடியில் கழற்றிவிடுவார். அம்மாச்சி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறோம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

யாருடைய எளிமை?

நானும் டெல்லியில் படித்தவன். முதல் குளிர்காலத்தை இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், விடுதிக் கம்பளி என்று ஓட்டினேன். இரண்டாம் ஆண்டு உதவித்தொகை வந்ததும் சரோஜினி நகர் சந்தைக்குப் போய் 900 ரூபாய்க்குப் பேரம் பேசி ஒரு கருநீலக் கோட்டு எடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அன்று மாலையே வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போனேன்.

மூத்த தோழர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தோழர், முதலாளி ஆயிட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் கையில் சணல் பை, தோளில் ஒரு பழைய சால்வை, ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. எனக்கே ஒரு நிமிடம் கூச்சமாகிவிட்டது. மூன்று நாள் அந்தக் கோட்டை நான் தொடவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்தச் சால்வை காஷ்மீரத்துப் பஷ்மினா. அவருடைய தாத்தா நீதிபதியாக இருந்தவர். அவர் போர்த்தியது. அப்பா போர்த்தியது. இப்போது இவர் போர்த்துகிறார். என் கோட்டைப் போல இருபது கோட்டு வாங்கலாம் அந்த ஒரு சால்வைக்கு.

அவருக்குப் பழையது என்றால் பரம்பரைச் சொத்து. என் வீட்டில் பழையது என்றால் என்ன? ஊர்த்தெருவில் பொங்கலுக்குக் கொடுத்த கிழிசல் வேட்டி. பண்ணையார் மகன் போட்டுக் கழித்த கால்சட்டை. இதற்குப் பழங்காலத்துச் சட்டமே இருக்கிறது. எச்சில் உணவையும் பழந்துணியையும் சூத்திரனுக்குக் கொடுக்கச் சொல்கிறது மநு, பத்தாம் அத்தியாயத்தில். அதே அத்தியாயத்தில் சண்டாளனுக்கு அதுகூட இல்லை. பிணத்தின் மேல் கிடந்த துணிதான் அவனுடைய உடை. நைந்த துணி நம் மேல் எழுதப்பட்ட சட்டம். அதை எளிமை என்று கொண்டாட நமக்கு எப்படி மனசு வரும்?

காந்தி தன் மேலாடையைத் துறந்தது 1921 செப்டம்பரில், மதுரையில். ஏழை மக்களைப் போலத் தானும் உடுத்த வேண்டும் என்று முடிவெடுத்தார். அவருடைய நேர்மையை நான் இங்கே கேள்வி கேட்கவில்லை. ஆனால் துறப்பதற்கு ஒருவனிடம் முதலில் சட்டை இருக்க வேண்டும். மதுரையில் அவர் விரும்பி ஏற்ற அதே முழங்கால் துணியும் வெற்று மார்பும், ஒன்பது ஆண்டு கழித்துப் பக்கத்துச் சீமையில் தீ வைத்து மக்கள் மேல் திணிக்கப்பட்டன. ஒன்றை உலகம் தவக்கோலம் என்று வணங்கியது. இன்னொன்று ஹட்டன் புத்தகத்தில் ஒரு பட்டியலாகக் கிடக்கிறது.

1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி அரைத்துணியும் சால்வையுமாகப் போனார். அங்கே புரட்சியாளர் அம்பேத்கர் கோட்டும் டையுமாக இருந்தார். நம் இரட்டைமலை சீனிவாசனும் பேராளராக இருந்தார். இந்த மக்களின் உண்மையான தலைவர் யார் என்கிற சண்டையே அந்த மாநாட்டில் நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அரைத்துணி மக்கள் தலைவனின் அடையாளம், கோட்டு வெள்ளைக்காரனின் கையாள் அடையாளம் என்று பாடம் நடத்துகிறார்கள்.

அந்தக் கோட்டு எப்படி வந்தது என்று யாராவது பாடம் நடத்தினார்களா? 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுனில் நியூயார்க் போனவர். அதிலும் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கிக் குவித்தவர். 1920-இல் தன் சேமிப்போடும் சாகு மகராசரின் உதவியோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் மறுபடி இலண்டன் போய்ப் படிப்பை முடித்தவர். அந்தக் குளிரில், பசியில், படித்துச் சம்பாதித்த கோட்டு அது.

உடை அரசியல் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், உங்களை இன்ன சாதி என்று காட்டிக்கொடுக்கும் உடையையும் நகையையும் விட்டுவிடுங்கள், மற்றப் பெண்களைப் போலவே புடவை கட்டுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்றுதான் பேசினார். எளிமையாக இருங்கள் என்று சொல்லவில்லை.

கோட்டு காப்பாற்றுமா?

காப்பாற்றாது. இதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளில் சிலர் அப்படி நம்பித்தான் ஏமாந்து போகிறார்கள்.

1901-இல் சிறுவன் பீமராவ் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போனார். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரித்தார். மகர் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. 1917-இல் வெளிநாட்டுப் பட்டங்களோடு பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவர் தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். தடியோடு வந்து அங்கிருந்தும் விரட்டினார்கள். இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். உடையைப் பார்த்து மதித்தவர்கள் சாதியைக் கேட்டதும் மிதித்தார்கள்.

இன்றும் நிலைமை வேறா? 2023-இல் குஜராத்தின் பனாஸ்கந்தா மாவட்டத்தில் நல்ல உடையும் கூலிங் கிளாசும் போட்டதற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள் என்று வழக்குப் பதிவானது. இங்கே 2012-இல் தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி எரிந்தபோது, ஜீன்சும் டி-சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை மேடையாகப் பேசியவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். 1930-இன் பட்டியலில் ஜீன்ஸ் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்பேத்கர் சிலையைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! அடிக்கிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் நிற்கிற அந்த மனிதர் அவர்கள் கண்ணை உறுத்துகிறார். 2022 டிசம்பர் 6 அன்று கும்பகோணத்தில் அவருடைய கோட்டைக் கழற்றிக் காவியைப் போர்த்தி, நெற்றியில் விபூதியும் பூசிச் சுவரொட்டி ஒட்டினார்கள். ஏன் அந்தக் கோட்டு மேல் இவ்வளவு ஆத்திரம்? அதைப் போட்ட மனிதர் சட்ட அமைச்சராக உட்கார்ந்தவர், எவனிடமும் கூழைக் கும்பிடு போடாதவர் என்பதால்தான்.

ஆகவே தம்பி, கோட்டு உனக்குக் கவசம் ஆகாது. சாதி ஒழியக் கோட்டு போதாது. ஆனால் சாதி ஒழிகிற வரைக்கும் நாம் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எந்தத் தத்துவமும் சொல்லவில்லை.

சரி, எப்படிப் போடுவது?

இதைச் சொல்லாமல் விட்டால் நானும் உபதேசம் மட்டும் செய்தவனாகிவிடுவேன்.

நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு, ஒரே ஒரு தடித்த ஜெர்கினை வாங்கிக் காலை முதல் இரவு வரை அதிலேயே கிடப்பது. டெல்லியில் சனவரி விடியலில் மூன்று, நான்கு டிகிரி வரை இறங்கும். வெயில் வந்த மதியத்தில் இருபதைத் தொடும். மெட்ரோவுக்குள் கூட்டத்தில் வேர்க்கும். வெளியே வந்தால் அந்த வேர்வையே குளிரும். மூன்று அடுக்காகப் போட்டால் தேவைக்கு ஏற்ப ஒன்றைக் கழற்றலாம், மாட்டலாம். உடம்பைச் சூடாக வைப்பது துணியின் தடிமன் மட்டும் இல்லை, அடுக்குகளுக்கு நடுவில் சிக்கி நிற்கும் காற்றும்தான்.

முதல் அடுக்கு, உடம்பை ஒட்டிய தெர்மல். மேலுக்கும் காலுக்கும் சேர்த்து வாங்கு. ஊரில் இருந்து கொண்டுபோன பருத்திப் பனியன் வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். கடுங்குளிரில் அது போதாது.

இரண்டாவது, சட்டையும் அதன்மேல் கம்பளி ஸ்வெட்டரும். கம்பளி கொஞ்சம் ஈரப்பட்டாலும் சூட்டை விடாது. மெலிதான ஸ்வெட்டர் இரண்டு இருந்தால் தடித்த ஒன்றைவிட உதவும். கழுத்து வட்டமாகவோ 'வி' வடிவிலோ இருந்தால் சட்டைக் காலர் எடுப்பாகத் தெரியும். நம் ஊருக்கு ஆண்டுதோறும் வந்து நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களைப் பார்த்திருப்பாய். டெல்லியில் அவர்களுக்கென்றே சந்தை இருக்கிறது. நியாயமான விலை.

மூன்றாவது கோட்டு. கடைக்குப் போகும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போ. அதன் மேல்தான் கோட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். தோள்தையல் உன் தோள் முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். கை நீளத்தையும் இடுப்பையும் தையல்காரரிடம் கொடுத்துச் சரி செய்யலாம். தோளைச் சரி செய்வது பெரும்பாடு. நீளம் தொடையின் பாதி வரை இருந்தால் நடக்கவும் வசதி, இடுப்பிலும் குளிர் ஏறாது. உள்ளே எழுதியிருக்கும் சீட்டைப் படி, கம்பளி எத்தனை விழுக்காடு என்று பார். கருநீலம், சாம்பல், கறுப்பு, இந்த மூன்றில் ஒன்று என்றால் எல்லாச் சட்டைக்கும் ஒத்துப்போகும். என் ஓட்டு கருநீலத்துக்கு. காரணம் சொல்ல வேண்டுமா?

கழுத்தை மறைக்க மஃப்ளர், காதை மறைக்கத் தொப்பி, கம்பளிக் காலுறை. மூன்றையும் மறந்தால் கோட்டு வாங்கியது வீண். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனால் கையுறையும் வேண்டும். கோட்டைத் துவைக்கும் எந்திரத்தில் போட்டுவிடாதே, கம்பளி சுருங்கிவிடும். பிரஷ்ஷால் தூசி தட்டி, அகலமான ஹேங்கரில் மாட்டு. கோடையில் பாச்சை உருண்டை போட்டு மூடி வை. பத்து ஆண்டு உழைக்கும்.

புதிது வாங்கப் பணம் இல்லையா? இன்னொருவர் போட்டதை வாங்கு, தப்பே இல்லை. இரவல் துணிக்கும் விலைக்கு வாங்கிய பழந்துணிக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒன்றில் தலைகுனிந்து கைநீட்டுகிறோம். மற்றதில் பேரம் பேசுகிறோம், பிடிக்கவில்லை என்றால் போட்டுவிட்டு நடக்கிறோம். என் 900 ரூபாய்க் கோட்டும் எவனோ போட்டதுதான். அவன் யார், எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. என் சாதி அந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. அந்தச் சந்தையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

கோட்டு இல்லாதவர்கள்

ஒரு தோழர் நியாயமாகவே கேட்பார். "இது நுகர்வுப் பண்பாடு இல்லையா? நாலு பேர் நல்லா உடுத்தினா மக்கள் விடுதலை வந்துருமா?"

வராது தோழர். பிராண்டு பெயருக்காகத் தவணையில் இருபதாயிரத்துக்குக் கோட்டு எடுத்துவிட்டு, மாதக் கடைசியில் அப்பாவிடம் காசு கேட்கும் பிள்ளையை நானும் கண்டிப்பேன். அவனுடைய அப்பா கட்டட வேலையில் சட்டையில்லாமல் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஜாக்கெட் ஐந்து வைத்திருக்கும் உங்கள் நண்பரிடம் கேட்டதுண்டா? முதல் கோட்டு வாங்குகிறவனிடம்தான் நுகர்வுப் பண்பாடு பற்றிய வகுப்பு தொடங்குகிறது.

மக்களோடு நிற்பது என்றால் மக்களைப் போல நடுங்குவது ஆகாது. அவர்களும் நடுங்காமல் இருக்க என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. உறைபனி விழும் சனவரியில் ஊட்டியில் விடியும் முன்பே தெரு கூட்ட வருகிறவர்கள் யார், எந்தச் சாதி என்று போய்ப் பாருங்கள். டெல்லி குடியிருப்புகளின் வாசலில் குப்பையைக் கொளுத்திக் குளிர்காயும் இரவுக் காவலாளிகளைப் பாருங்கள். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பாகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க முதலாளிகளைக் கட்டாயப்படுத்தி விதி செய்யலாம் என்று மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. குளிரில் கம்பளி தொழிலாளியின் உரிமை என்று சட்டத்திலேயே எழுத வைத்தார்கள். எளிமையைப் பாடியவர்கள் அதை வாங்கித் தரவில்லை. கேட்டுப் போராடியவர்களால்தான் அது வந்தது. 1930-இல் குடை பிடித்ததற்கு அடி, 1951-இல் குடை சட்டத்தில். இடைப்பட்ட இருபது ஆண்டில் எத்தனை பேர் எத்தனை இடத்தில் குரல் எழுப்பியிருப்பார்கள்!

படிப்பு வட்டத்தில் இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் விடுதியைக் கூட்டும் தொழிலாளிக்கும் வாசல் காவலாளிக்கும் குளிருடை கொடுக்கப்படுகிறதா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கிக் கொடுக்கும் வரை விடாதீர்கள். பழந்துணி சேகரித்துத் தானம் கொடுக்கிற வேலை வேண்டாம். அதை மநுவே சொல்லிவிட்டார். புதுக் கோட்டு, அவரவர் அளவுக்கு, நிர்வாகத்தின் செலவில். அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகும்போது, தம்பி, நீ உன் கோட்டைப் போட்டுக்கொண்டு போ. காலரை நேராக்கிவிட்டுப் போ.

அந்தச் சீனியர் தோழரிடம் என் வணக்கத்தைச் சொல். அவருடைய சால்வை என்ன விலை என்றும் மறக்காமல் கேள்.

கோட்டு வாங்கியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. எனக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் அம்மாவுக்கு அனுப்பு. ஊருக்கு வரும்போது கையில் சுருட்டிக்கொண்டு வராதே. வேர்த்தாலும் பரவாயில்லை, புளியமரத்தடியில் இறங்கி வீடு போய்ச் சேரும் வரைக்கும் போட்டுக்கொண்டே நட.

ஜெய்பீம்!